தெரிந்தவர் என்றால் போதும்

1

இந்தக் கதையை எழுதச் சொல்லி என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டது ஒரு பக்கக் கடிதம். கேட்டவள் குன்வோர். எங்கள் ஊர் விமான நிலையத்தில் பயணிகளைப் பதிவு செய்கிறவள். மார்ச் மாதம் மீன் தொழிற்சாலை வாசலில் என்னை மறித்து, "ராசா, அண்டைக்கு நீயும் அங்க நிண்டனீதானே. நடந்ததை எழுதித் தா. நடந்ததை மட்டும். கொம்பனிக்காரர் சாட்சி கேக்கினம்" என்றாள்.

இப்போது ஜூன். கடிதம் எழுதவில்லை. அதற்குப் பதிலாக இது வந்துகொண்டிருக்கிறது. கடிதத்தில் ஒளிந்துகொள்ள இடம் போதாது, கதையில் தாராளமாக இடம் உண்டு. அதனால்தான் கதைக்குள் ஓடிவந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஊருக்கு ஸ்கார்வொய் என்று பெயர் வைத்திருக்கிறேன். நோர்வேயின் வடக்குக் கரையில் அப்படி ஓர் ஊரைத் தேடவேண்டாம். விமான நிறுவனத்துக்குப் பெயரே வைக்கவில்லை. கதையில் வரும் விதியும் நான் வெட்டித் தைத்ததுதான். யாரும் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். வெட்கம் மட்டும் உள்ளது உள்ளபடி.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: "பெப்ரவரி மாதத்து வியாழக்கிழமையொன்றில், குன்வோர் என்ற கல்நெஞ்சக்காரி, கர்ப்பிணி மனைவியைப் பார்க்கத் துடித்த ஓர் ஏழைத் தொழிலாளியை…"

[வெட்டவும். குன்வோர் கல்நெஞ்சக்காரி இல்லை. அந்தத் தொழிலாளி ஏழையும் இல்லை, என்னைவிட நல்ல கார் வைத்திருக்கிறான்.]

இரண்டாவது தொடக்கம் கட்டுரை மாதிரி வந்தது. அதில் கொஞ்சம் உங்களுக்குத் தேவைப்படும் என்பதால் விட்டுவைக்கிறேன்: "வெளிநாட்டுக்காரர் ஒருவர் இந்த நாட்டுக்குள்ளேயே ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பறக்க என்ன அடையாளம் காட்டவேண்டும்? பாஸ்போட் காட்டலாம். ஐரோப்பிய நாட்டவர் என்றால் அவருடைய நாடு கொடுத்த அடையாள அட்டையும் செல்லும். வேலைத்தலத்து அட்டை செல்லாது. எல்லையைத் தாண்டாத பயணத்துக்கு எதற்குப் பாஸ்போட் என்று எண்ணி அதை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம் அகப்படுகிறார்கள். உள்ளூர்க்காரர் என்றால்…"

உள்ளூர்க்காரர் என்றால் ஸ்கார்வொய்யில் ஒன்றுமே காட்டவேண்டாம். குன்வோரின் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு கட்டம் உண்டு. காட்டிய அடையாளத்தின் இலக்கத்தை அதில் எழுதவேண்டும். பயணியை அவளுக்கு நேரில் பழக்கம் என்றால் 'தெரிந்தவர்' என்று எழுதினால் போதும். ஆயிரத்து நூறு பேர் இருக்கிற ஊரில் இருபத்தாறு வருடமாக அவள் அந்தக் கட்டத்தில் வேறு எதையும் எழுதிப் பழகியதில்லை.

மூன்றாவது தொடக்கம், நீல நிறப் பிளாஸ்டிக் உறை ஒன்றிலிருந்து. இதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன்.

3

கிந்தாஸும் தைவாவும் லித்துவேனியாவிலிருந்து வந்தவர்கள். இருவருடைய கடதாசி எல்லாம் ஒரே நீல உறைக்குள்தான் இருக்கும். பாஸ்போட் இரண்டும் அதற்குள். புதன்கிழமை பின்னேரம் தைவாவுக்குப் பிள்ளைப்பேற்று நோக்காடு தொடங்கியது. அப்போது இருபத்தேழாவது வாரம். நோயாளரை ஏற்றும் சிறிய விமானம் வந்து அவளைத் துரொம்சோ நகரத்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனது. அதில் புருசனுக்கு இடம் இல்லை. "அங்க ஏதும் கேட்டா நீ கஷ்டப்படக்கூடாது" என்று சொல்லி, படுக்கையில் கிடந்தவளின் வயிற்றுக்குப் பக்கத்தில் கிந்தாஸ் அந்த நீல உறையை வைத்துவிட்டான். அவனுடைய பாஸ்போட்டும் அதோடு பறந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணி விமானத்துக்கு அவன் வந்து நின்றான். தோளில் ஒரு சின்னப் பை. அதற்குள் தைவா மறந்துவிட்டுப் போன வீட்டுச் செருப்பு இருந்தது.

குன்வோருக்கு அன்று காலையிலிருந்தே கை ஓடவில்லை. பக்கத்தில் ஹோல்ம் நின்றார். தெற்கிலிருந்து தணிக்கைக்கு வந்தவர், நல்ல மனிதர், கோப்பி போட்டுக் கொடுத்தால் இரண்டு தரம் நன்றி சொல்லுகிற ஆள். ஆனால் 'தெரிந்தவர்' என்று வரி வரியாக எழுதிக் கிடந்த பழைய பட்டியல்களைப் பார்த்ததிலிருந்து அவருடைய புருவம் கீழே இறங்கவில்லை.

"தெரிஞ்சவர் எண்டு எழுதலாம், அது பிழையில்லை" என்றார். "ஆனா தெரிஞ்சவர் எண்டா முழுப்பேரும் பிறந்த திகதியும் வாயால சொல்லத் தெரியவேணும். திரையைப் பாக்காமல். இண்டைக்கு நீங்கள் சொல்லுங்கோ, நான் கேட்டுக்கொண்டு நிக்கிறன்."

(இந்த நாட்டில் எல்லாரும் எல்லாரையும் 'நீ' என்றுதான் கூப்பிடுவார்கள். ஹோல்முக்கு 'நீங்கள்' போட்டது நான். முப்பத்தொரு வருடம் கழிந்தும் அதிகாரி என்றால் எனக்கு முதுகு தானாக வளைகிறது.)

வரிசையில் முதல் ஆள் ஒட்வார் கிழவர். துரொம்சோவில் கண் வைத்தியரைப் பார்க்கப் போகிறவர்.

"என்ன குன்வோர், என்ர மூஞ்சையைப் பாத்தா விமானம் கடத்துறவன் மாதிரியே கிடக்கு?"

"உனக்குக் கடத்துறதுக்குக் கண் தெரியவேணுமே" என்றாள் அவள். பிறகு ஹோல்மின் பக்கம் திரும்பி, "ஒட்வார் யூஹான் பெர்க்மோ. நாப்பத்தெட்டாம் ஆண்டு, மார்ச் பதினெட்டு. நாய்க்கு என்ன பேர் எண்டும் சொல்லவோ?" என்றாள்.

வரிசை சிரித்தது. ஹோல்மும் சிரித்தார். அடுத்த இரண்டு பேருக்கும் அவள் தடக்காமல் சொன்னாள். அதற்கடுத்தவன் கிந்தாஸ்.

"பாஸ்போட்?" என்று ஹோல்ம் கேட்டார்.

"மனுசியிட்ட இருக்கு."

"மனுசி எங்க?"

"துரொம்சோ ஆசுப்பத்திரியில. பிள்ளை முந்தி வரப்போகுது. அங்கதான் போறன்."

அவன் தொழிற்சாலை அட்டையை நீட்டினான். படத்துக்குக் கீழே 'கிந்தாஸ்' என்று மட்டும் அச்சிட்டிருந்தது. ஹோல்ம் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகத் திருப்பிக் கொடுத்தார். அவருக்கும் மனம் கேட்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"குன்வோர், இவரை உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும். என்ர வீட்டிலதான் கீழ இருக்கினம். ரெண்டு வருசம்."

"அப்ப பிரச்சினை முடிஞ்சுது. பேரைச் சொல்லுங்கோ." சொல்லிக்கொண்டே திரையைத் தன் பக்கம் திருப்பினார்.

குன்வோர் வாயைத் திறந்தாள். அவனைப் பற்றி அவளுக்கு எவ்வளவோ தெரியும். காலையில் ஐந்தே காலுக்கு இருமுவான். அவள் எழும்ப முன்னமே வாசற்படியில் பனியை அள்ளிவிட்டுப் போய்விடுவான். தைவா வாந்தி எடுத்த மாதங்களில் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தை மறைக்கப் பார்ப்பாள். எல்லாம் தெரியும். ஆனால் அவர்கள் வந்த அன்று கடிதப்பெட்டியில் பெயர் எழுதப் போனவள், அந்த நீளப் பெயரைப் பார்த்துவிட்டு, நாளைக்கு ஆறுதலாக எழுதலாம் என்று 'கீழ் வீடு' என்று எழுதி ஒட்டினாள். அந்த நாளை வரவே இல்லை.

"கிந்தாஸ்…" என்றாள்.

"ம்."

"கிந்தாஸ்…"

"வைத்கெவிச்சியுஸ்" என்றான் அவனே.

"நீங்கள் சொல்லக்கூடாது, அவதான் சொல்லவேணும்" என்றார் ஹோல்ம்.

குன்வோர் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். நடுவில் முறிந்தது. பிறந்த திகதி சுத்தமாகத் தெரியாது. காது வரை சிவந்துபோனாள். ஐம்பத்து நாலு வயதில், ஊர்ச்சனத்துக்கு முன்னால், தன் வீட்டில் இருக்கிற மனிதனின் பெயர் தெரியாமல் நின்றாள்.

ஹோல்ம் வரிசையைப் பார்த்துக் கேட்டார்: "இதில நிக்கிற ஆருக்காவது இவரைத் தெரியுமோ? பேரையும் திகதியையும் சொல்லி ஒரு கையெழுத்து வைச்சாப் போதும். நான் ஏத்திவிடுறன்."

யாரும் பேசவில்லை.

4

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு மூன்று நாள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலே எழுதியதை வாசித்தால் குன்வோர் மேல் உங்களுக்குக் கோபம் வரும். கடிதப்பெட்டியை அதற்காகத்தான் செருகினேன். அவளுடைய தலைக்குள் புகுந்து அவள் வெட்கத்தை விவரமாக எழுதினேன். எப்படி எனக்கு அவ்வளவு தெரியும் என்று நீங்கள் கேட்கவில்லை. வாசகர்கள் பொதுவாகக் கேட்பதில்லை. கதைசொல்லி எல்லார் தலைக்குள்ளும் போய்வரலாம் என்று விட்டுவிடுவீர்கள்.

காது சிவப்பது எப்படி, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுவது எப்படி என்று எனக்குத் தெரிந்தது வேறு வழியில். அந்த நேரம் அந்தக் கட்டடத்துக்குள் இரண்டு பேருக்குக் காது சிவந்தது.

"யாரும் பேசவில்லை" என்ற வாக்கியத்தைப் பாருங்கள். எவ்வளவு வசதியான வாக்கியம். 'யாரும்' என்பதற்குள் எத்தனை பேரையும் அடைக்கலாம். வரிசையில் பின்னால் ஆறு பேர் நின்றார்கள். ஐந்து பேருக்கு அவன் 'அந்த லித்துவேனியாப் பொடியன்'. பெயர் தெரியாதவர்கள் பேசாமல் நின்றதில் குற்றமில்லை.

ஆறாவது ஆள்…

[நாளைக்கு எழுதலாம்.]

5

ஆறாவது ஆள் நான்.

சின்னையா இராசநாயகம். ஊரில் எல்லாரும் 'ராசா' என்பார்கள். மீன் தொழிற்சாலையில் வெட்டுப் பகுதிக்கு மேற்பார்வை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அடுத்த கிழமை வேலைமுறையைப் பலகையில் என் கையால் எழுதுகிறவன். கிந்தௌதாஸ் வைத்கெவிச்சியுஸ். இரண்டு வருடத்தில் நூறு தடவைக்கு மேல் எழுதியிருக்கிறேன். 'கிந்தாஸ்' என்பது சுருக்கம் என்றும் தெரியும். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, ஒக்டோபர் ஒன்பது. பிறந்தநாளுக்குக் கேக் வாங்குவது என் பொறுப்பு. அவனுக்குக் கடும் சொக்லட் பிடிக்காது, அதனால் கிளவுட்பெரிப் பழம் வைத்த கேக்.

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். ஆனால் அன்று வாயைத் திறக்கவில்லை.

(காரணத்தை அடைப்புக்குள் போட்டால் சின்னதாகத் தெரியும் என்று பார்த்தேன். தெரியவில்லை. வெளியே எடுத்துவிடுகிறேன்.)

விமானத்தில் முப்பத்தொன்பது இருக்கை. அன்று எல்லாம் நிரம்பிவிட்டது. காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. ஓராள் ஏறாவிட்டால் நான் ஏறலாம். அன்று மாலை ஆறு மணிக்கு ஒஸ்லோவில், ஒரு பாடசாலை மண்டபத்தில், என் முதல் சிறுகதைத் தொகுதிக்கு வெளியீட்டு விழா.

சிரிக்கவேண்டாம். சிரித்தாலும் பரவாயில்லை.

எனக்கு அறுபது வயது. மீன் நாற்றம் பிடித்த கையால் இருபது வருடம் எழுதி, முதல் தடவையாக ஒரு புத்தகம். அழைப்பிதழில் என் படம் போட்டிருந்தார்கள். போகவேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. ஹோல்ம் வரிசையைப் பார்த்துக் கேட்டபோது என் மனதில் ஓடியது இதுதான்: பின்னேரமும் ஒரு விமானம் இருக்கிறது, இவன் அதில் போகலாம், அதற்குள் ஆசுப்பத்திரிக்குப் போன் பண்ணிப் பாஸ்போட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம், எல்லாம் சரியாகிவிடும்.

இன்னொன்றும் எழுதவேண்டும். அன்று காலை வானிலைச் செய்தி பார்த்தேன். மத்தியானத்திலிருந்து புயல் என்றார்கள். பின்னேர விமானம் வராது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் காலை விமானத்துக்கு அவ்வளவு அவதிப்பட்டேன்.

என் முறை வந்தபோது குன்வோர் ஒன்றும் கேட்கவில்லை. நானாகவே பாஸ்போட்டை எடுத்து நீட்டினேன். குடியுரிமை எடுத்து இருபத்தைந்து வருடமாகியும் எங்கே போனாலும் அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போகிறவன் நான். ஹோல்ம் அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டார். "எல்லாரும் இவரைப்போல வந்தா எனக்கு வேலையே இல்லை" என்றார். நான் நன்றி சொன்னேன். கூச்சமில்லாமல் சொன்னேன். கிந்தாஸ் கண்ணாடிக் கதவோரம் அந்தச் சின்னப் பையோடு நின்றுகொண்டிருந்தான்.

6

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மெதுவாகச் சொன்னால் அழகுபடுத்திவிடுவேன்.

ஒட்வார் கிழவர் தன் பயணத்தை விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். "என்ர கண் ரெண்டு கிழமை பொறுக்கும். வா தம்பி, காரில விட்டுப் பாப்பம்" என்று கிந்தாஸின் கையைப் பிடித்தார். அவருக்கு அவன் பெயர் கடைசிவரை தெரியாது. இருவரும் மலைப்பாதைத் தடுப்பு வரைக்கும் போனார்கள். பனி அள்ளுகிற வண்டியே திரும்பி வந்துவிட்டது, பாதை பூட்டு. மாலை வரை காரிலேயே இருந்துவிட்டுத் திரும்பினார்கள்.

கிந்தாஸின் இருக்கை எனக்குக் கிடைத்தது. ஏழாவது வரிசை, சன்னல் ஓரம். பக்கத்து இருக்கை ஒட்வாருடையது. அது காலியாகவே பறந்தது. நான் வாயைத் திறந்து அவன் பெயரைச் சொல்லியிருந்தால், அந்த நல்ல மனிதர் என் புத்தகத்துக்காகவும் தன் இடத்தைத் தந்திருப்பாரோ என்னவோ. கேட்டுப் பார்க்கவே இல்லையே.

துரொம்சோவில் அடுத்த விமானத்துக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது. ஆசுப்பத்திரி பக்கம்தான், டாக்சியில் பத்து நிமிடம் கூட இல்லை. தைவாவைப் போய்ப் பார்த்திருக்கலாம். புருசன் வரப் பிந்தும் என்று சொல்லியிருக்கலாம். நான் றால் போட்ட பாண் ஒன்று வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஏற்புரையைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

ஒஸ்லோவில் கூட்டம் நல்ல கூட்டம். பொன்னாடை போர்த்தினார்கள். தலைமை தாங்கியவர் என்னைப் 'பேச முடியாதவர்களின் குரல்' என்றார். சனம் கை தட்டியது. நான் எழும்பிக் கும்பிட்டேன்.

அதே மாலையில் துரொம்சோவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அடுத்த நாள் மத்தியானம் வரை உயிரோடு இருந்தது. பெயர் வைக்கும்படி தாதி சொன்னதால் தைவா தனியாகப் பெயர் வைத்தாள், தனியாகவே கையில் வைத்திருந்தாள். புயல் இரண்டு நாள் நின்றது. சனிக்கிழமை காலைதான் கிந்தாஸ் போய்ச் சேர்ந்தான்.

[இங்கே ஒரு பந்தி எழுதி வெட்டிவிட்டேன். அவன் ஆசுப்பத்திரி நடைவழியில் நடந்துபோவதாக எழுதியிருந்தேன். நன்றாக வந்திருந்தது. அதனால்தான் வெட்டினேன். அந்த நடைவழியில் எனக்கு வேலையில்லை.]

7

ஊர் குன்வோரைத் தின்றது. "தன்ர வீட்டில இருக்கிறவன்ர பேர் தெரியாத பொம்பிளை" என்று கடையில் வைத்துச் சொன்னார்கள், அவள் காது கேட்கவே சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியாது என்பது வேறு கதை. கொம்பனி அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்து விசாரணை தொடங்கியது. விசாரணைக் கடிதத்தில் ஒரு கேள்வி: அந்த நேரத்தில் பயணியை அறிந்தவர் வேறு யாராவது அங்கே இருந்தார்களா?

இருந்தார்கள் என்று யாராவது எழுதிக் கொடுத்தால், பழி முழுக்க அவள் தலையில் விழாது. வேலையும் பெரும்பாலும் மிஞ்சும்.

குன்வோருக்குத் தெரியும். பலகையில் அவன் பெயரை எழுதுகிறவன் நான் என்பது ஊருக்கே தெரிந்த விசயம்தானே. ஒருத்தரும் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை, அவள் யோசித்தாள். அன்று காத்திருப்போர் பட்டியலிலிருந்து என் பெயரைக் கூப்பிட்டதும், அந்த இருக்கையின் சீட்டை என் கையில் தந்ததும் அவள்தான். தரும்போது என் முகத்தைப் பார்த்தாள். நான் சீட்டைப் பார்த்தேன்.

ஏப்ரலில் ஒருநாள் துணிந்து கேட்டேன். "நீயே என்ர பேரைக் குடுத்திருக்கலாமே?"

மீன் பெட்டி மாதிரிக் கனமான ஒரு பையை வாசலில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "எனக்கு அவன்ர பேர் தெரியாமல் போனது என்ர வெக்கம். அதை நான் சொல்லிப்போட்டன். உன்ர வெக்கத்தை நான் ஏன் சொல்லவேணும்? அதை நீ சொல்லு."

"எழுதிக்கொண்டிருக்கிறன்" என்றேன்.

"எவ்வளவு நீளம் வந்திட்டுது?"

"கொஞ்சம்."

"ஒரு பக்கம்தானே கேட்டனான்" என்றாள்.

இனிமேல் எழுதப்போவதை என் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. மார்ச் கடைசியில் கிந்தாஸ் வேலைக்குத் திரும்பினான். சாப்பாட்டு அறையில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். ஆள் பாதியாகிவிட்டான்.

"ராசா, நான் உன்னில கோவமில்லை" என்றான். "அண்டைக்கு நீ கடைசியில நிண்டனீ. காதில ஏதோ கொழுவியிருந்தனீ. அந்தாள் கேட்டது உனக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தா நீ சொல்லியிருப்பாய் எண்டு தைவாவுக்கும் சொன்னனான்."

காதில் பாட்டுக் கேட்கிற கருவி கொழுவியிருந்தது உண்மை. அதில் ஒன்றும் ஓடவில்லை.

"ஓம்" என்றேன். "கேக்கேல்லை."

அவன் தலையை ஆட்டிவிட்டுத் தன் பாணில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தான். நான் அதைத் தின்றேன்.

8

இங்கே நிலம் இறுகியிருந்தால் குழி வெட்ட முடியாது. அதனால் மாரிப் பனிக்காலத்தில் இறந்தவர்களைக் கோடை தொடங்கும்போதுதான் அடக்கம் செய்வோம். நாளை ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணிக்கு, ஸ்கார்வொய் தேவாலயத்தில் அந்தப் பிள்ளைக்கு அடக்கம்.

பாதிரியாருக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை. ஒரு மாதம் சொல்லிப் பழகிப் பார்த்துவிட்டு, பிழையாகச் சொல்லுவதைவிடத் தெரிந்த ஒருவர் சொல்லட்டும் என்றார். தைவாவால் முடியாது. கிந்தாஸ் தன்னாலும் முடியாது என்றான். "ராசா சொல்லட்டும். இந்த ஊரில எங்கட பேரை ஒழுங்காச் சொல்லுறது அவர் ஓராள்தான்" என்றானாம்.

ஆகவே முடிவுகள். மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) ராசா கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு போய், குழிக்குப் பக்கத்தில் நின்று, பிள்ளையின் பெயரைப் பிழையில்லாமல் சொல்கிறான். தைவா அவன் கையைப் பிடித்து நன்றி சொல்கிறாள். மூன்றாவது வரிசையில் குன்வோர் நிற்கிறாள். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். இது நடக்கக்கூடிய முடிவு. என்னை எனக்குத் தெரிந்த வரைக்கும் இதுதான் நடக்கும்.

(ஆ) அடக்கத்துக்கு முன்னமே ராசா கிந்தாஸைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லி, விம்மி விம்மி அழுகிறான். மகளைப் புதைக்கப்போகிற மனிதன் இவனைத் தேற்றவேண்டி வருகிறது. எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. யாருக்காகக் கலங்கியது என்று யோசித்ததும் தாளைக் கசக்கிப் போட்டேன்.

(இ) ராசாவுக்குக் காய்ச்சல்.

[மூன்றாவதை எழுத ஐந்து நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.]

நீங்கள் விரும்பியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி இங்கேயே முடிக்கத்தான் இருந்தேன். இப்படியான கதைகளில் அது வழக்கம்தான். வாசகரிடம் கொடுத்துவிட்டுக் கதைசொல்லி கையைக் கழுவிக்கொள்ளலாம். ஆனால் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது, சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, போன் அடித்தது.

9

"ராசா, வேலையா இருக்கிறியோ?"

"இல்லை, சும்மா எழுதிக்கொண்டிருக்கிறன்."

"கதையோ?"

"ஓம்."

"நல்லது" என்றான் கிந்தாஸ். "நாளைக்குப் பேரை ஒருக்காச் சொல்லிப் பாப்பமோ? எங்கட நாட்டில மகளுக்குக் கடைசி எழுத்துகள் மாறும். நீ பலகையில எழுதுறது என்ர பேர். அவளின்ரது வேற."

"சொல்லு."

"ருஸ்னே வைத்கெவிச்சியூதே."

சொன்னேன்.

"கடைசியைக் கொஞ்சம் நீட்டு."

நீட்டிச் சொன்னேன். பிறகு தைவாவின் குரல் பின்னால் எங்கோ கேட்டது. அவள் தன்னுடைய மொழியில் ஏதோ சொன்னாள். "தைவாவும் கேட்டவ" என்றான் அவன். "சரியா இருக்காம். அவளை இந்தப் பேரால கூப்பிட்ட ரெண்டாவது ஆள் நீதானாம். நான் போகேக்க…"

மேசையில் இந்தத் தாள்கள் கிடக்கின்றன. எட்டு இலக்கம் போட்டு, அடைப்புப் போட்டு, வெட்டி, ஒட்டி, எவ்வளவு எழுதியிருக்கிறேன். ஒரு பக்கம்தானே கேட்டாள்.

"கிந்தாஸ்" என்றேன். "அண்டைக்கு அந்தாள் வரிசையைப் பாத்துக் கேட்டவரெல்லே, அது எனக்கு"

இந்த வாக்கியத்தில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு சொல். அதை இங்கே எழுதிவிட்டால் தாளில் சொல்லியாயிற்று என்று மனம் ஆறிவிடும், வாயால் சொல்லமாட்டேன். என்னை நான் அறிவேன். ஆகையால் எழுதமாட்டேன். என்ன சொல் என்று உங்களுக்குத் தெரியும். கதை முழுக்க என் பின்னால்தான் நின்றுகொண்டு வந்தீர்கள், உங்களுக்குக் கேட்கவில்லை என்று நீங்களும் சொல்ல முடியாது.

அவன் இன்னும் போனை வைக்கவில்லை. தைவாவிடம் ஏதோ சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி, சத்தமில்லாத இடத்துக்கு வந்து நிற்கிறான்.

"சொல்லு ராசா" என்கிறான். "எனக்குக் கேக்குது."